மணமுறிவுச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோலா?

காஞ்சிபுரம் நகரை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது திருப்பருத்திக்குன்றம். ‘சமணக் காஞ்சி’ என்று பெயர் பெற்ற இவ்வூரின் பழமையான கோயில்களைக் காண வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். இவ்வூரும் இதைச் சுற்றியுள்ள ஊர்களும் பட்டு நெசவோடு பிறந்து வளர்ந்தவை. தறியில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் கணவர். தார் சுற்றுவதும், அறுந்த இழையை முடிந்து கொடுப்பதும், கோர்வைக்குக் கை கொடுப்பதும் மனைவி. சேலை முடிந்து கூலி வரும்போது கணக்கில் இருப்பது ஒரே ஒரு பெயர்தான்.

இத்தகைய நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி, நீதிமன்றத்திலிருந்து வந்த அழைப்பாணையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவர் மணமுறிவு கேட்டு மனு போட்டிருந்தார். “ஃபாதர், தறி அவர் பேருல இருக்கு, சொசைட்டி அட்டை அவர் பேருல இருக்கு. பதினெட்டு வருஷமா நான் செஞ்ச வேலைக்கு ஒரு சீட்டும் இல்ல. கோர்ட்டுல என்னை ஒரு ஆளா மதிப்பாங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், ‘கிறிஸ்தவர்களுக்கான சட்டம்’ என்று நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய ஒரு சட்டத்தின் வரலாற்றை முழுமையாகப் படித்தேன். நம்மில் பலர் அறியாத அந்த வரலாற்றையும், இன்றைய சட்ட நிலையையும், திருச்சபையின் போதனையையும் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

1869ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் கணவன், மனைவி இருவருமோ, இருவரில் ஒருவரோ கிறிஸ்தவராக இருந்தால், அவர்களுடைய மணமுறிவு வழக்குக்கு உரிய சட்டம் 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம். ஆங்கிலேய ஆட்சியில் இயற்றப்பட்ட இச்சட்டத்திற்கு அடித்தளம் 1857ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வந்த திருமண வழக்குகள் சட்டம். இங்குள்ள நீதிமன்றங்கள் இங்கிலாந்து நீதிமன்றங்களின் கொள்கைகளையே பின்பற்ற வேண்டும் என்று இதன் 7ஆம் பிரிவு கூறியது. அதாவது, ‘கிறிஸ்தவச் சட்டம்’ என்று பெயர் இருந்தாலும், அது நற்செய்தியிலிருந்தோ திருச்சபைச் சட்டத்திலிருந்தோ எடுக்கப்பட்டதன்று. விக்டோரியா காலத்து ஆங்கிலச் சமூகத்தின் பார்வையே அதில் இருந்தது.

அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறியது இதுதான்:

கணவன் மணமுறிவு பெற, மனைவி விபசாரம் செய்தாள் என்று நிரூபித்தால் போதும்.

மனைவி மணமுறிவு பெற, கணவனின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதாது. அந்த விபசாரத்தோடு கொடுமையும் சேர்ந்திருக்க வேண்டும். அல்லது, தக்க காரணமின்றி 2 ஆண்டுகள் கைவிட்டிருக்க வேண்டும். அல்லது, அது நெருங்கிய உறவினரோடு செய்த விபசாரமாகவோ, இன்னொருத்தியை மணந்து செய்த விபசாரமாகவோ இருக்க வேண்டும். இவை தவிர, கணவன் மதம் மாறி வேறொரு பெண்ணை மணந்தாலோ, பாலியல் வன்கொடுமை போன்ற பெருங்குற்றங்களைச் செய்தாலோ அவள் மணமுறிவு கேட்கலாம்.

கணவனுக்கு ஒரு குற்றம் போதும். மனைவிக்கு இரண்டு குற்றம் வேண்டும். கணவன் நாள்தோறும் அடித்து உதைத்தாலும், விபசாரத்தை நிரூபிக்க முடியாத மனைவிக்கு மணமுறிவு கிடையாது. 22ஆம் பிரிவின்படி நீதிமன்றப் பிரிவினை மட்டும் பெறலாம். திருமணம் முறியாமல், இல்லறமும் இல்லாமல் அவள் காலம் தள்ள வேண்டும்.

இச்சட்டத்தின் வேறு சில பிரிவுகளும் அதே மனநிலையைக் காட்டின. மனைவியோடு தவறான உறவு கொண்டவனிடமிருந்து கணவன் நட்ட ஈடு கேட்கலாம் என்றது 34ஆம் பிரிவு. கணவனோடு உறவு கொண்ட பெண்ணிடம் மனைவி அவ்வாறு கேட்க வழியில்லை. பொருள் சேதமடைந்தால் உரிமையாளன் ஈடு கேட்பதுபோல் மனைவி நடத்தப்பட்டாள். விபசாரத்திற்காக மணமுறிவு பெற்ற மனைவிக்குச் சொந்தச் சொத்து இருந்தால், அதிலிருந்து ஒரு பகுதியைக் கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ ஒதுக்கலாம் என்றது 39ஆம் பிரிவு. வழக்கு நடக்கும் காலத்தில் மனைவி பெறும் ஜீவனாம்சம், கணவனின் முந்தைய 3 ஆண்டு சராசரி நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றது 36ஆம் பிரிவு. கணவனுக்கு மாதம் 10,000 ரூபாய் வருமானம் என்றால், பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறிய மனைவிக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய்.

ஆணுக்கும் அது நீதியன்று

இச்சட்டம் பெண்ணுக்கு மட்டும்தான் அநீதி இழைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். கணவனுக்கு இருந்த கதவும் ஒன்றே ஒன்றுதான்: மனைவியின் விபசாரம். மனைவி பத்து ஆண்டுகளாகப் பிரிந்து போயிருந்தாலும், கணவனைக் கொடுமைப்படுத்தினாலும், அதைக் காரணம் காட்டி அவனால் மணமுறிவு பெற முடியாது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒத்துவராத வாழ்விலிருந்து விடுபட விரும்பும் கணவன், தன் மனைவியின் கற்பின்மீது பழி சுமத்தினால்தான் நீதிமன்றக் கதவு திறக்கும். கைவிட்டதற்கும் கொடுமைக்கும் கதவை மூடிவிட்டு, அவதூறுக்கு மட்டும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. பொய் சொல்லத் துணிந்த கணவனுக்கு அது உதவியது; நேர்மையான கணவனைக் கைவிட்டது; பழி சுமந்த மனைவியை ஊர்நடுவே நிறுத்தியது. ஒரு பாலினத்தைக் குறைத்து மதிக்கும் சட்டம் இரு பாலினத்தையும் காயப்படுத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போதாக்குறைக்கு, மாவட்ட நீதிமன்றம் அளித்த மணமுறிவுத் தீர்ப்பை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதிசெய்த பிறகே அது செல்லும் என்றது 17ஆம் பிரிவு. மாவட்டத்தில் வழக்கு முடிந்தாலும் ஏழைக் குடும்பங்கள் மேலும் பல மாதங்கள், ஆண்டுகள் காத்திருந்தன.

132 ஆண்டுகள்

இங்கிலாந்து தன் தவற்றை 1923ஆம் ஆண்டு திருத்திக்கொண்டது. அந்த ஆண்டின் சட்டம், கணவனின் விபசாரம் மட்டுமே மனைவிக்கும் போதுமான காரணம் என்று ஏற்றது. அங்கே கைவிடப்பட்ட வேறுபாடு, நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள்மீது மேலும் 78 ஆண்டுகள் நீடித்தது.

சுதந்திரத்திற்குப் பின் வந்த அரசமைப்புச் சட்டம், 14, 15ஆம் பிரிவுகளில் சமத்துவத்தை உறுதிசெய்தது. அதை முன்வைத்து இச்சட்டத்தை எதிர்த்து வாதாடியவர்களும் இருந்தார்கள். ஆனால் 1953ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் இந்த வேறுபாட்டை நியாயப்படுத்தித் தீர்ப்பளித்தது. கணவன் தவறினால் அவன் கருவுறுவதில்லை. மனைவி தவறினால் பிறர் குழந்தையைக் கணவன் வளர்க்க நேரிடும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. வாரிசைப் பற்றிய கவலை சட்டத்திற்கு இருந்தது. மனைவியின் மனக்காயத்தைப் பற்றிய கவலை இருக்கவில்லை.

சட்ட ஆணையம் 1960ஆம் ஆண்டு தன் 15ஆவது அறிக்கையில் கிறிஸ்தவத் திருமணச் சட்டங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைத்தது. 1962இல் மசோதாவும் வந்தது; அது நிறைவேறாமல் காலாவதியானது. 1983ஆம் ஆண்டு ஆணையம் தன் 90ஆவது அறிக்கையை இந்த 10ஆம் பிரிவுக்காகவே வெளியிட்டது. 1985ஆம் ஆண்டு ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி, திருமணச் சட்டங்கள் மதத்துக்கு மதம் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சுட்டிக்காட்டி, சீர்திருத்தம் தேவை என்று வலியுறுத்தினார்.

முதல் பெரிய மாற்றம் கேரளத்திலிருந்து வந்தது. 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு, மனைவிமீது மட்டும் கூடுதல் சுமை ஏற்றிய சொற்களை 10ஆம் பிரிவிலிருந்து நீக்கியது. கொடுமை மட்டுமே போதும், கைவிட்டது மட்டுமே போதும் என்ற நிலை அங்கு உருவானது. 1997ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் அதே வழியில் தீர்ப்பளித்தது. இதே காலத்தில் பல்வேறு திருச்சபைகளும் கிறிஸ்தவப் பெண்கள் அமைப்புகளும் ஒன்றுகூடிப் புதிய சட்ட வரைவுகளைத் தயாரித்து அரசிடம் அளித்தன.

இறுதியில் 2001ஆம் ஆண்டு நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அது அவ்வாண்டு அக்டோபர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. 1869 முதல் 2001 வரை 132 ஆண்டுகள்! நம் பாட்டிமார், அவர்களுடைய தாய்மார் என்று பல தலைமுறைப் பெண்கள் அந்தப் பழைய அளவுகோலின் கீழ் வாழ்ந்து மறைந்தார்கள்.

இன்றைய சட்டம் சொல்வது என்ன?

2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் முக்கிய மாற்றங்கள்:

1. கணவன், மனைவி இருவருக்கும் ஒரே காரணங்கள். விபசாரம், கொடுமை, 2 ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடுதல், வேறு மதத்திற்கு மாறுதல், தீராத மனநோய், தொற்றக்கூடிய பால்வினை நோய், 7 ஆண்டுகளாக உயிரோடு இருப்பதாகத் தகவல் இல்லாமை, தாம்பத்திய உறவுக்கு வேண்டுமென்றே மறுத்ததால் திருமணம் நிறைவுபெறாமை, சேர்ந்து வாழ நீதிமன்றம் இட்ட ஆணையை 2 ஆண்டுகள் நிறைவேற்றாமை ஆகியவை அவை. தொழுநோயும் அப்பட்டியலில் இருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டது.

2. பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களைக் கணவன் செய்திருந்தால், மனைவிக்கு அது கூடுதல் காரணம்.

3. இருவரும் மனமொத்துப் பிரிய 10அ என்னும் புதிய பிரிவு.

4. நட்ட ஈடு கேட்கும் 34ஆம் பிரிவும், மனைவியின் சொத்தைப் பற்றிய 39ஆம் பிரிவும் நீக்கம்.

5. இடைக்கால ஜீவனாம்சத்திற்கு இருந்த ஐந்தில் ஒரு பங்கு வரம்பு நீக்கம்.

6. உயர்நீதிமன்ற அமர்வின் உறுதிசெய்தல் தேவையில்லை.

7. திருமணம் நடந்த இடத்திலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரலாம்.

இதையொட்டி இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறர் மனைவியோடு உறவு கொண்டவனை அந்தக் கணவனின் புகாரின்பேரில் தண்டித்தது. மனைவிக்கு அவ்வாறு புகார் செய்யும் உரிமை இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவை ரத்து செய்தது. ‘விபசாரம் இனித் தவறில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது’ என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. அது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாமல் போனது. மணமுறிவுக்குரிய காரணமாக இன்றும் நீடிக்கிறது. அறநெறியில் அது பாவமாகவே இருக்கிறது.

இன்னும் மீதி இருக்கும் வேறுபாடுகள்

சட்டம் முழுமையாகச் சமமாகிவிட்டதா? இல்லை. மூன்று இடங்களைச் சுட்டிக்காட்டலாம்.

முதலாவது, ஜீவனாம்சம். இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளின்படி கணவனும் மனைவியும், யார் வருமானமின்றித் தவிக்கிறாரோ அவர் கேட்கலாம். கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தின் 36, 37ஆம் பிரிவுகள் மனைவிக்கு மட்டுமே அந்த வாய்ப்பைத் தருகின்றன. கண் பார்வை மங்கித் தறியில் உட்கார முடியாத ஒரு நெசவாளரையும், நிரந்தர வேலையில் இருக்கும் அவர் மனைவியையும் எண்ணிப் பாருங்கள். அவர் கேட்பதற்கு இச்சட்டத்தில் இடமில்லை. இத்தகைய ஆண்கள் சிலராக இருக்கலாம். சிலராக இருப்பதால் அவர்களுக்கு நீதி வேண்டாம் என்று ஆகிவிடாது.

இரண்டாவது, மனமொத்த பிரிவு. இந்துத் திருமணச் சட்டத்தில் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும். நம் சட்டத்தின் 10அ பிரிவில் 2 ஆண்டுகள் என்று எழுதப்பட்டுள்ளது. கேரள உயர்நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு இதை ஓராண்டு என்று பொருள்கொள்ள வேண்டும் என்றது. 2022 டிசம்பரில் அந்த ஓராண்டுக் கட்டாயமும் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

மூன்றாவது, வழக்குத் தொடரும் இடம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால், இந்து மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். கிறிஸ்தவ மனைவிக்கோ திருமணம் நடந்த இடம், அல்லது இருவரும் சேர்ந்து வாழும் இடம், அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் என்றே சட்டம் கூறுகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டிற்கு வந்துவிட்ட பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் சிறிய செய்தியன்று.

திருச்சபை என்ன சொல்கிறது?

‘மணமுறிவை ஏற்காத திருச்சபையின் பணியாளர், மணமுறிவுச் சட்டத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

திருமணம் இறைவன் இணைத்த உறவு. மனிதர் அதைப் பிரிக்கலாகாது என்பது ஆண்டவர் இயேசுவின் போதனை. அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் போதனை எந்தச் சூழலில் வந்தது என்று கவனியுங்கள். கணவன் தன் மனைவியை விலக்கிவிடலாமா என்றுதான் பரிசேயர் கேட்டனர். ஆண்களின் உரிமையை ஆண்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இயேசுவின் பதில் (மாற்கு 10:11-12) கணவனுக்கும் மனைவிக்கும் அடுத்தடுத்து ஒரே வகையில் பொருந்துகிறது. மனைவியை விலக்கி வேறொருத்தியை மணப்பவன், அந்த மனைவிக்கு எதிராகவே குற்றம் செய்கிறான் என்று அவர் கற்பித்தார். அன்றைய செவிகளுக்கு அது புதுமை.

புனித எரோணிமுஸ் 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஃபபியோலா என்னும் உரோமைப் பெண்மணியைப் பற்றி எழுதிய மடலில் (மடல் 77) இதையே விளக்குகிறார். பேரரசரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு. உலகச் சட்டம் ஆண்களின் ஒழுக்கக்கேட்டுக்கு இடம் கொடுக்கிறது. நம்மிடமோ பெண்ணுக்குத் தகாதது ஆணுக்கும் தகாது என்பது அவர் கூறியதன் சாரம்.

திருச்சபைச் சட்டத்திலும் அளவுகோல் ஒன்றே. 1917ஆம் ஆண்டுத் தொகுப்பின் எண் 1129, துணைவர் விபசாரம் செய்தால் பிரிந்து வாழும் உரிமையைக் கணவன், மனைவி என்று வேறுபடுத்தாமல் தந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் எண் 1135, மணவாழ்வைச் சார்ந்தவற்றில் இருவருக்கும் சமமான உரிமையும் கடமையும் உண்டு என்கிறது. எண் 1152 விபசாரத்தின்போது மன்னிப்பைப் பரிந்துரைத்தபின், குற்றமற்ற துணைவர் யாராயினும் பிரிந்து வாழலாம் என்கிறது. எண் 1153 இன்னும் முக்கியமானது. துணைவரால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து என்றால் பிரிந்துபோகத் தக்க காரணம் உண்டு. தாமதித்தால் ஆபத்து என்றால் அனுமதிக்காகக் காத்திராமலே வெளியேறலாம். ‘எதையும் தாங்கிக்கொள், சிலுவையைச் சுமந்துகொள்’ என்று அடிபடும் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஆக, நாடாளுமன்றச் சட்டம் கிறிஸ்தவர்களின் பெயரால் இரு அளவுகோல்களை வைத்திருந்த அத்தனை ஆண்டுகளும், திருச்சபையின் ஏட்டில் ஒரே அளவுகோல்தான் இருந்தது. அப்படியானால் நாம் ஏன் அவ்வளவு காலம் மௌனமாக இருந்தோம்? மணமுறிவே வேண்டாம் என்பவர்களுக்கு மணமுறிவுச் சட்டத்தின் அநீதி கண்ணில் படாமல் போனதா? குருக்களாகிய நாங்களும் எங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2383), சட்ட உரிமைகளையும் பிள்ளைகளின் பராமரிப்பையும் சொத்தையும் காக்க வேறு வழியில்லாதபோது குடிமைச் சட்டப்படியான மணமுறிவைச் சகித்துக்கொள்ளலாம், அது அறநெறிக் குற்றமாகாது என்கிறது. எண் 2386, மணமுறிவுக்குக் காரணமானவரையும் அதற்குப் பலியானவரையும் வேறுபடுத்திப் பார்க்கச் சொல்கிறது. எனவே, அந்த நீதிமன்றத்தில் நீதி கிடைக்கிறதா என்பது நமக்கு அந்நியமான கேள்வியன்று.

அறிந்திருக்க வேண்டியவை

நம் பங்குகளில் அடிக்கடி காணப்படும் குழப்பங்களையும், அவற்றுக்குரிய விளக்கத்தையும் கீழே தருகிறேன்.

மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் ‘இத்திருமணம் தொடக்கமுதலே செல்லாது’ என்று தீர்ப்பளித்தால், அது திருச்சபைக்குள் மட்டுமே செல்லும். அரசின் பார்வையில் அத்திருமணம் நீடிக்கிறது. 1996ஆம் ஆண்டும், மீண்டும் 2017 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியுள்ளது. குடிமை நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்வது சட்டச் சிக்கலில் முடியும்.

அதேபோல், குடிமை நீதிமன்றத்தின் மணமுறிவு திருவருட்சாதனத் திருமணத்தை முறிப்பதில்லை.

குடிமைச் சட்டப்படி மணமுறிவு பெற்று, மறுமணம் செய்யாமல் வாழ்பவருக்கு அக்காரணத்தால் நற்கருணை மறுக்கப்படுவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டு ‘குடும்பம்’ பற்றிய தம் திருத்தூது ஊக்கவுரையில் (எண் 83) இதைத் தெளிவாக்கியுள்ளார். ஆயினும் நம் ஊர்களில் அத்தகைய பெண்கள் கோயிலின் கடைசி வரிசைக்குத் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆண்கள் அவ்வாறு ஒதுங்குவதைக் காண்பது அரிது.

நீதிமன்ற அழைப்பாணையை வாங்க மறுப்பதோ, வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவதோ ஆபத்து. நாம் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடலாம்.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த ஆண்களுக்கும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அவ்வீட்டில் வசிக்கும் உரிமையைப் பாதுகாக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின்படி, எம்மதத்தைச் சேர்ந்த மனைவியும், பிள்ளைகளும், முதிய பெற்றோரும் பராமரிப்புத் தொகை கேட்கலாம்.

2020 நவம்பர் 4 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்குகளில் கணவன், மனைவி இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகை, மனு செய்த நாள் முதல் கணக்கிடப்படும். மனைவி வீட்டுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் செய்த உழைப்பையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

அந்தச் சகோதரியின் கேள்விக்குப் பதிலாக நான் காட்டியது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். ‘சீட்டு இல்லாவிட்டாலும் உன் உழைப்பைச் சொல்ல இடம் இருக்கிறது, அம்மா’ என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ தார் சுத்துன கணக்கையும் சொல்லலாமா, ஃபாதர்?” என்றார்.

சிந்திப்போம்

யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மோசேயின் சட்டம் (லேவியர் 20:10, இணைச்சட்டம் 22:22) ஆண், பெண் இருவரையும் சமமாகவே குற்றவாளிகள் என்கிறது. கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொன்னவர்கள் பெண்ணை மட்டுமே கொண்டுவந்தார்கள். அந்த ஆண் எங்கே? சட்டம் சமமாகத்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்தவர்கள் சமமாக இல்லை.

1869ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலேயே பாகுபாடு காட்டியது. இன்று ஏட்டில் பெரும்பகுதி சரியாகிவிட்டது. இனி இருக்கும் ஆபத்து யோவான் 8இல் உள்ள ஆபத்து: எழுத்தில் சமம், நடப்பில் ஓரவஞ்சனை.

குடும்பத்தில் சிக்கல் என்றால், பஞ்சாயத்தில் முதலில் யாரைக் குறுக்கு விசாரணை செய்கிறோம்? கணவன் தவறினால் ‘ஆம்பளை அப்படித்தான்’ என்றும், மனைவி தவறினால் ‘குடும்பமே போச்சு’ என்றும் நம் நாக்கு சொல்கிறதா? மனைவியின் கொடுமைக்கு ஆளான கணவன் வாய் திறந்தால் அவனை எள்ளி நகையாடுகிறோமா? திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் உரிமைகளையும் கடமைகளையும் இருவருக்கும் ஒன்றாகச் சொல்லித் தருகிறோமா, அல்லது அடக்கத்தைப் பெண்ணுக்கு மட்டும் போதிக்கிறோமா? மகனுக்குத் தறி வாங்கித் தரும் பெற்றோர், அந்தத் தறியில் உழைக்கப் போகும் மருமகளின் பெயரையும் சேர்த்து எழுதத் தயாரா?

நீதிமன்றம் வரை போகாமல் குடும்பங்கள் வாழ வேண்டும் என்பதே நம் செபம். அதற்கான வழி, வீட்டிலேயே ஒரே அளவுகோலை வைப்பது. தம்பதியருள் ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறு நீதி என்றிருக்கும் வீட்டில் திருமணம் நெடுநாள் நிலைப்பதில்லை. அப்படி நிலைத்தாலும், யாரோ ஒருவர் வாய்மூடி அழுதுகொண்டிருப்பதால்தான் அது நிலைத்திருக்கும். நம் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று இன்றிரவு செபத்திற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.